உங்களுக்குத் தெரியுமா? – பிள்ளையின் எடை சொல்லும் சேதி

★ மதுரை தல்லாகுளத்திலிருந்து மேலூர் வழியாகத் திருச்சி சாலையில் போனால் கொட்டாம்பட்டி வரும். உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 1980-இல் முதன்முதலாகத் தொடங்கியது இந்த ஒன்றியத்தில்தான்.

★ அத்திட்டத்தில் 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடைபோட்டு அட்டையில் குறித்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு 90 நாள் சத்துணவு, தேறியதும் நிறுத்திவிடுவார்கள். பிள்ளை எலும்பும் தோலுமாக ஆகும்வரை காத்திருக்காமல், சறுக்கத் தொடங்கும்போதே பிடித்துவிட வேண்டும் என்பதே நோக்கம்.

★ இவ்வகை வளர்ச்சி அட்டைக்கு முன்னோடி, 1950-களில் நைஜீரியாவின் இமெசி-இலே கிராமத்தில் டாக்டர் டேவிட் மார்லி உருவாக்கியது.

★ பிறந்தபோது இருந்த எடை சுமார் 5 மாதத்தில் இரண்டு மடங்காகும். ஒரு வயதில் மூன்று மடங்கு. பிறக்கும்போது ஏறத்தாழ 50 செ.மீ. இருக்கும் பிள்ளை, ஒரு வயதில் 75 செ.மீ., நான்கு வயதில் 100 செ.மீ. அளவுக்கு வளரும்.

★ வயதுக்கேற்ற உயரம் இல்லையென்றால், நெடுநாளாகவே போதிய ஊட்டமில்லை என்று பொருள். உயரத்துக்கேற்ற எடை இல்லையென்றால், அண்மையில் வந்த நோயோ பசியோ காரணமாக இருக்கலாம்.

★ 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. அந்தப் பிள்ளைகளில் 6 மாதத்துக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்கும் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம்.

★ 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் அது கடுமையான ஊட்டக்குறைவு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

★ வயிற்றுப்போக்கின்போது சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. ஓ.ஆர்.எஸ். கரைசலோடு, டாக்டர் சொன்ன அளவில் 14 நாள் துத்தநாக மாத்திரையும் கொடுத்தால் பிள்ளை சீக்கிரம் தேறும்.

★ முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது மதுரை நெல்பேட்டை மாநகராட்சிப் பள்ளியில். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். ஆனால் உயரம் குன்றுவது பெரும்பாலும் முதல் இரண்டு வயதுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. அந்த வயதில் பிள்ளைக்குத் துணை, வீட்டுச் சாப்பாடும் அங்கன்வாடியின் சத்துமாவும்தான். அங்கன்வாடிக்குப் போனால் மாவை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். போன மாதத்தைவிட எடை ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் ஏறவில்லையென்றால், பிள்ளை ஓடியாடி விளையாடினாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.