லினக்ஸ் உள்ள கணனி வாங்கலாமா?

இடம்பெயர்ந்து மீண்டும் காலூன்றும் குடும்பத்துக்குப் பிள்ளையின் கணனி பெருஞ்செலவு. வின்டோஸ் உள்ள கணனியின் விலையில் அந்த மென்பொருளுக்கான கட்டணமும் அடக்கம். லினக்சுக்கு அது இல்லை. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய இதை, விதைநெல்லை அயலவருக்குக் கொடுப்பதுபோல், எவரும் படியெடுத்துக் கொடுக்கலாம். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவருக்கு இலவசமாக வழங்கிய மடிக்கணனிகளில் வின்டோசுடன், இந்தியாவில் உருவாக்கிய பொஸ் லினக்சும் இருந்தது.

விலைப்பட்டியலில் 'டொஸ்' என்றிருந்தால் அது ஏறக்குறைய வெறுங்கணனிதான், லினக்ஸ் அன்று. காசு கொடுக்குமுன் கடையிலேயே இயக்கச் சொல்லுங்கள். ஒலி, கமரா, வைபை வேலை செய்கின்றனவா? தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறதா? இவற்றை நீங்களே பாருங்கள், கடைக்காரர் சொல் போதாது. பிள்ளையின் வகுப்புக்கு வின்டோசில் மட்டும் ஓடும் மென்பொருள் தேவையா என்று ஆசிரியரிடம் முதலிலேயே விசாரியுங்கள். தேவையென்றால் இந்தக் கணனி வேண்டாம்.