ஏட்டில் மட்டும் இருந்த குளோரின்



நம் கடைக் கணக்கில் திங்கட்கிழமை விற்பனை ஐயாயிரம், செவ்வாய் ஐயாயிரம், புதன் ஐயாயிரம் என்று வருடம் முழுவதும் ஒரே தொகை எழுதியிருந்தால் என்ன நினைப்போம்? கணக்கப்பிள்ளை கல்லாவை எண்ணாமலே எழுதுகிறார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இதே தவறு ஓர் ஊரின் குடிநீர்ப் பதிவேட்டில் நடந்தது. ஏழு உயிர்கள் போயின. கனடாவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் சொல்லி நான் அறிந்த செய்தி இது. நம் சங்கத்தார் அனைவரும் அறிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் ஒரு சிற்றூர். அப்போது அங்கே ஏறக்குறைய 4,800 பேர். சுற்றிலும் பண்ணைகள். கிணற்று நீரில் குளோரின் கலந்து குழாய் வழியே ஊருக்கு வழங்கிவந்தார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதம் இரண்டாவது வாரத்தில் பலத்த மழை. பக்கத்துப் பண்ணையில் இட்டிருந்த மாட்டு எருவிலிருந்த கிருமிகள், மழைநீரோடு இறங்கி, ஆழம் குறைந்த ஐந்தாம் எண் கிணற்றில் கலந்தன. ஈ.கோலை இனத்தில் கொடிய வகை ஒன்றும், கேம்பிலோபாக்டர் என்ற கிருமியும் அதில் இருந்தன.

குளோரினைக் கலந்தால் மட்டும் போதாது. அழுக்குக்கும் கிருமிக்கும் செலவானது போகத் தண்ணீரில் எவ்வளவு மிஞ்சி நிற்கிறது என்று அளக்க வேண்டும். நம் வழக்கில் சொன்னால், செலவு போகக் கையிருப்பு. கையிருப்பு திடீரென்று குறைந்தால், எங்கோ அழுக்கு நுழைந்துவிட்டது என்று பொருள். வாக்கர்டனில் 15 நிமிடத்துக்குப் பின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும். ஊழியர்கள் பல ஆண்டுகளாகக் குறைவாகக் கலந்தார்கள். சரியாக அளக்காமலே ஏட்டில் 0.5 அல்லது 0.75 என்று எழுதிவந்தார்கள். மாகாண அரசின் ஆய்வுகளும் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

அவர்கள் ஊருக்குக் கெடுதல் நினைத்தவர்கள் அல்லர். குளோரின் சேராத அந்தக் கிணற்று நீரைத் தாங்களும் குடித்தவர்கள். நல்ல தண்ணீர் என்று நம்பினார்கள். மருந்து வாடை அடிக்கிறது என்று ஊராரும் குறை சொன்னதுண்டு.

மே 17ஆம் தேதி, தண்ணீரில் கிருமி இருக்கிறது என்ற ஆய்வுக்கூட முடிவு மேலாளர் கைக்கு வந்தது. சுகாதாரத் துறையினர் விசாரித்தபோது தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே அவர் சொன்னார். 21ஆம் தேதி சுகாதாரத் துறை தானே முடிவெடுத்து, காய்ச்சிக் குடிக்கும்படி அறிவித்தது. சுமார் 2,300 பேர் நோய்ப்பட்டார்கள். 7 பேர் இறந்தார்கள். 27 பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. காய்ச்சிக் குடிக்கும் உத்தரவு டிசம்பர் வரை நீடித்தது.

நீதிபதி டெனிஸ் ஓ'கானர் விசாரணை நடத்தி 2002இல் அறிக்கை அளித்தார். குளோரின் மிச்சத்தைத் தினமும் அளந்திருந்தால் பாதிப்பு பெருமளவு குறைந்திருக்கும் என்பது அவருடைய முடிவுகளில் ஒன்று. எருவிட்ட விவசாயி மேல் குற்றமில்லை என்றார். அரசின் செலவுக் குறைப்பையும் கண்காணிப்புக் குறையையும் எடுத்துச் சொன்னார். 2004இல் மேலாளருக்கு ஓராண்டு சிறையும், உடன் வேலை பார்த்த அவருடைய சகோதரருக்கு ஒன்பது மாத வீட்டுக் காவலும் கிடைத்தன.

இனி என் கதை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கு என் கடையிலிருந்துதான் பிளீச்சிங் பவுடர் போய்க்கொண்டிருந்தது. ஒரு வருடம் மூட்டைக் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கியது. வேறு கடையில் வாங்குகிறார்களோ என்று விசாரித்தேன்; இல்லை என்று தெரிந்தது. வியாபாரம் வெளியே போகவில்லை என்ற நிம்மதியில் அத்தோடு விட்டுவிட்டேன். அப்படியானால் தொட்டியில் என்ன போடுகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் பலருக்கு வயிற்றுப்போக்கு. என் பேத்தி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் ஊரில் கேள்வி கேட்டிருக்க வேண்டிய முதல் ஆள் நான். மூட்டை குறைந்த கணக்கு என் பேரேட்டில் இருந்தது.

நம் நாட்டுத் தர விதிப்படி, குளோரின் கலந்து வழங்கும் நீரில் குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும். 100 மில்லி லிட்டர் நீரில் ஒரு ஈ.கோலை கூட இருக்கக் கூடாது. ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் மூன்று காரியங்கள் செய்யலாம்.

முதலாவது, நிர்வாகிகள் மாதம் ஒருமுறை மரியாதையாகப் போய்க் குடிநீர்ப் பதிவேட்டைக் காட்டும்படி கேட்க வேண்டும். எல்லா நாளும் ஒரே எண் இருந்தால் அங்கேயே கேளுங்கள். அன்று கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து நம் முன்னாலேயே சோதிக்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான்.

இரண்டாவது, பிளீச்சிங் பவுடர் விற்பவர்கள் அதை வெயிலும் ஈரமும் படாமல், வாய் இறுகக் கட்டி வைக்க வேண்டும். திறந்து கிடந்த பவுடரில் வீரியம் போய்விடும். எடை சரியாக இருக்கும், மருந்து இருக்காது. பழைய சரக்கைக் குடிநீருக்குத் தள்ளிவிடுவது நமக்குப் பாவம்.

மூன்றாவது, நம் கடைத் தொட்டியை நாமே காலாகாலத்தில் கழுவ வேண்டும். ஊர்த் தண்ணீர் நன்றாக வந்தாலும் நம் தொட்டியில் பாசி படிந்திருந்தால் பயனில்லை. மருந்து வாடை என்று வாடிக்கையாளர் முகம் சுளித்தால், அது காவல் நிற்கும் வாடை என்று எடுத்துச் சொல்லுங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டுக் குளோரினும் அப்படித்தான். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். அந்தக் கண்ணை ஊர்த் தண்ணீர் ஏட்டின் மேலும் கொஞ்சம் வைப்போம்.