குரங்கு சிரிக்கவில்லை

2004 மார்கழி 26ஆம் திகதிக்கு முன் எடுத்த புகைப்படம் என்று எங்கள் குடும்பத்தில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அது அம்மா அப்பாவின் கல்யாணப் படம். கொழும்பில் சின்னம்மாவின் பெட்டிக்குள் கிடந்தபடியால் தப்பியது. கல்லடியில் எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்த மூன்று அல்பங்களையும் கடல் கொண்டு போய்விட்டது. பதினான்கு வயது வரை நான் எப்படி இருந்தேன் என்று என் பிள்ளைகளுக்குக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. உயிர்கள் போன இடத்தில் படங்களுக்கு அழுவதா என்று அந்நாட்களில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஆனால் கமெரா உள்ள கைத்தொலைபேசி ஒன்று என் கைக்கு வந்ததும் படம் எடுக்கத் தொடங்கினேன். பிறந்தநாள், திருவிழா, பாசிக்குடாவில் குளிப்பு, ஒன்றையும் விடவில்லை. "ஆறப்போகுது, முதல்ல சாப்பிட விடப்பா" என்று அவர் அலுத்துக்கொள்ளும் அளவுக்கு எடுத்தேன்.

கடந்த வருடம் பாடசாலை விடுமுறையில் வான் பிடித்துப் பொலன்னறுவைக்குப் போனோம். அம்மாவும் வந்தார். விடியப்புறமே எழும்பிப் புளிச்சாதம் கட்டியிருந்தேன். சோழர் காலத்துக் கற்கோயிலான வானவன்மாதேவி ஈச்சரத்தின் முன் எல்லோரையும் நிறுத்தி ஒரு படம். கல்விகாரையில் சின்னவன் சிலைக்கு முதுகு காட்டி நிற்க, காவலாளி வந்து திரும்பி நிற்கச் சொன்னார். வணங்கும் இடத்தில் அப்படி நின்று படம் எடுப்பது மரியாதையில்லை. அது சரிதான், நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

மர நிழலில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தபோது குரங்குகள் வந்தன. நடு உச்சியிலிருந்து சுற்றிவரத் தொப்பி போல மயிர் வளர்ந்த, சிங்களத்தில் 'ரிலவா' என்று சொல்லும் குரங்குகள். உலகில் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வாழும் இனம் அது. பொலன்னறுவைக் குரங்குகளை ஆய்வாளர்கள் 1968 முதல் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 2015இல் வெளிவந்த 'மங்கி கிங்டம்' என்ற டிஸ்னி படத்திலும் நடித்தவை இவைதான். இதெல்லாம் நான் பிறகு தேடிப் படித்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், வயிற்றோடு குட்டியை அணைத்துக்கொண்டு ஒரு தாய்க் குரங்கு பத்தடி தூரத்தில் இருக்கிறது, வெளிச்சமும் நன்றாக இருக்கிறது என்பதுதான்.

"கையில வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டு நில்லு. அம்மா சொல்லும் வரைக்கும் குடுக்காத" என்று எட்டு வயது மகளிடம் சொன்னேன்.

அந்தப் 'பிடித்துக்கொண்டு நில்'தான் வினை. பழத்தைக் காட்டுவதும் கொடாமல் வைத்திருப்பதுமாக அவள் நின்றாள். "அம்மா, பாருங்க, குரங்கு சிரிக்குது!" என்றாள். நான் படத்தை அழுத்தினேன். அடுத்த கணம் அது பாய்ந்து பழத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. பிள்ளையின் புறங்கையில் இரண்டு கீறல்கள், அதில் ஒன்றில் இரத்தம் துளிர்த்திருந்தது.

அம்மா உடனே மஞ்சள் பூச வேண்டும் என்றார். வான் சாரதிதான் தடுத்து, தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னார். அது எவ்வளவு சரியான ஆலோசனை என்று வைத்தியசாலையில் தெரிந்தது. நாயோ பூனையோ குரங்கோ, கடித்தாலும் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சவர்க்காரத்துடன் பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும். மஞ்சள், கோப்பித்தூள் ஒன்றும் வைக்கக் கூடாது. கீறல் சிறிதென்று வீட்டில் இருந்துவிடவும் கூடாது. விசர்நாய்க்கடி நோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். தடுப்பூசி அரச வைத்தியசாலைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். வைத்தியர் அரைகுறைத் தமிழில், "ஏன் அம்மா சாப்பாடு குடுத்தது?" என்று கேட்டார். படம் எடுக்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிகுதி ஊசிகளை ஊருக்கு வந்து போட்டோம். ஒவ்வொரு முறையும் மகள் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

இரண்டு கிழமைக்குப் பிறகுதான் அந்தப் படங்களை மனந்துணிந்து திறந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக ஏழு படங்கள். முதலாவதில் தாய்க் குரங்கு குட்டியை இறுக்கிக்கொள்கிறது. மூன்றாவதில் புருவத்தை உயர்த்தி, வாயைத் திறந்து, மகளின் கண்ணையே பார்க்கிறது. ஐந்தாவதில்தான் அந்தச் 'சிரிப்பு'. குரங்கினம் பல்லைக் காட்டுவது பயத்தால். வாயை அகலத் திறந்து முறைப்பது வெருட்டுவதற்கு. கண்ணுக்குக் கண் பார்ப்பதையும் அது சண்டைக்கு அழைப்பதாகவே எடுத்துக்கொள்ளும். அத்தனை எச்சரிக்கையும் என் படங்களில் தெளிவாகப் பதிந்திருக்கிறது. எடுத்த நான்தான் பார்க்கவில்லை. ஏழு படங்களிலும் மகளின் கை மட்டுமே இருக்கிறது, முகம் ஒன்றிலும் இல்லை என்பதையும் அப்போதுதான் கண்டேன்.

சில மாதங்களாக எங்கேயும் நான் படம் எடுக்கவில்லை. தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் வாவிக் கரைக்குப் போனபோது மகள்தான் தொலைபேசியைக் கேட்டாள். தவிட்டு நிறத் தலையும் சிவந்த அலகும் நீல முதுகுமாக ஒரு மீன்கொத்தி கம்பியில் இருந்தது. கிட்டப் போகப் பார்த்த சின்னவனை அவள் சட்டையில் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டாள். பத்து நிமிடமளவில் இருந்த இடத்திலேயே காத்திருந்தோம். அது கீழே பாய்ந்தது மீனுக்கல்ல, புல்லுக்குள் ஓடிய ஓணானுக்கு. மீன்கொத்தி ஓணானும் தின்னும் என்பது எங்கள் எவருக்கும் தெரியாது. "பேர மாத்தணும்" என்றான் சின்னவன். மகள் எடுத்த படத்தில் பறவை ஒரு நீலப் புள்ளி, அவ்வளவுதான். ஆனால் அதற்குக் கீழே, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நானும் அம்மாவும் இருக்கிறோம். என் தொலைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் உண்டு. நானும் அம்மாவும் சேர்ந்து இருக்கும் படம் அது ஒன்றுதான்.

அந்தப் படத்தையும் பொலன்னறுவைப் படங்களில் சிலவற்றையும் கடையில் கொடுத்துக் கழுவி எடுத்தேன். குரங்கின் மூன்றாவது படமும் அதில் உண்டு. மகள் வேண்டுமென்றே கேட்டாள். பின்புறத்தில் திகதியும் இடமும் எழுதினோம். எல்லாவற்றிலும் இரண்டிரண்டு பிரதி. ஒன்று எங்கள் அலுமாரிக்கு, மற்றது கொழும்பில் சின்னம்மாவின் பெட்டிக்கு.