கந்தல் துணியில் ஒரு பள்ளிக்கூடம்

பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் பீகாரின் சுஜனி கலைக்கு மறுவாழ்வு தந்தவர் நிர்மலா தேவி. அவரிடம் கற்ற பெண்கள் ஊசியால் தங்கள் கதையையும் சொன்னார்கள்.

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது ஹனூர். தமிழ் பேசும் வீடானாலும் கன்னடம் பேசும் வீடானாலும் அங்கே பிறந்த குழந்தைக்குப் பழைய புடவையில்தான் தூளி. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல்புடவையின் இதம் புதுத்துணிக்கு வராது. அன்றைய கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்த இந்தப் பகுதி 1956 வரை கோவை மாவட்டத்தோடு இருந்தது. பிறகு மாநில எல்லை மாறியது. புடவைத் தூளி மாறவில்லை.

நாட்டின் மறுகோடியில், பீகாரின் முசாபர்பூர் மாவட்டத்தில் இதே எண்ணம் ஒரு கலையாகவே வளர்ந்தது. அங்கே பழைய புடவைகளையும் வேட்டிகளையும் இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டு, பிறந்த குழந்தையைச் சுற்றி வைக்கும் போர்வை தைப்பார்கள். அதன் பெயர் சுஜனி. 'சு' என்றால் இதமான, 'ஜனி' என்றால் பிறப்பு என்று பொருள் சொல்கிறார்கள். தாயின் அணைப்பைப் போலப் போர்வை குழந்தையைக் காக்க வேண்டும் என்பது நம்பிக்கை. கிழிந்த துண்டுகளை ஒன்று சேர்ப்பதற்கு ஒரு தெய்வமும் உண்டு. சிதிரியா மா, அதாவது கந்தல்களின் அன்னை. பிரிந்து கிடப்பதெல்லாம் ஒரு முழுமையின் பகுதிகளே, அவை மறுபடி அதனிடமே சேர வேண்டும் என்பது அந்த வழிபாட்டின் சாரம்.

இந்தக் கலையின் பெயரால் 2025 குடியரசு தின விருதுப் பட்டியலில் ஒரு கிராமத்துப் பெண்மணி இடம்பெற்றார். முசாபர்பூர் மாவட்டத்தின் பூசுரா கிராமத்தைச் சேர்ந்த நிர்மலா தேவி. எழுபது வயதைத் தாண்டிய அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆனால் அவரது வேலை அதற்கு ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

1980களில் சுஜனி ஏறத்தாழ மறக்கப்பட்ட நிலையில் இருந்தது. கடையில் மலிவாகப் போர்வை கிடைக்கும்போது வாரக்கணக்கில் உட்கார்ந்து கந்தலைத் தைப்பானேன்? பாட்டிகளுக்குத் தெரிந்தது பேத்திகளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே கிழிந்துபோன கலை என்பதால், அது மறைவதும் வெளியே யாருக்கும் தெரியவில்லை.

1988ல் நிர்மலா தேவி, மகிளா விகாஸ் சஹயோக் சமிதி என்ற பெண்கள் அமைப்பின் மூலம் இதை மீட்க முனைந்தார். பாட்னாவில் விஜி ஸ்ரீனிவாசன் தொடங்கிய 'அதிதி' என்ற தொண்டு நிறுவனம் கை கொடுத்தது. ஃபோர்டு அறக்கட்டளையில் பணியாற்றிய விஜி, பீகாரின் ஏழைப் பெண்களுக்காகவே பிற்கால வாழ்க்கையைச் செலவிட்டவர். 2005ல் மறைந்தார்.

முதல் சிக்கல் தையல் அல்ல. சுஜனி தைத்த பெண்களில் பலர் ராஜபுத்திரக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். முக்காடும் வாசற்படியும்தான் அவர்களுடைய எல்லை. கூலிக்கு வேலை செய்வது குடும்ப கௌரவத்துக்கு இழுக்கு. வயலுக்குப் போக முடியாது, சந்தைக்குப் போக முடியாது. கஷ்டம் வந்தால் வெளியே சொல்லவும் முடியாது. அப்படிப்பட்டவர்களை ஓரிடத்தில் கூடி உட்காரச் செய்ததுதான் உண்மையான முதல் பாடம். கையில் ஊசி இருந்ததால் அது சாத்தியமாயிற்று. 'தைக்கப் போகிறேன்' என்றால் தடுப்பது எந்த மாமியாருக்கும் கடினம்.

தொழில்நுட்பம் பார்வைக்கு எளிது. துணி அடுக்குகளை முதலில் நீள நீளத் தையலால் பிணைத்துக்கொள்வார்கள். கறுப்பு அல்லது பழுப்பு நூலில் சங்கிலித் தையல் போட்டு உருவங்களின் வெளிக்கோட்டை எடுப்பார்கள். மீதி இடம் முழுவதையும் துணியின் நிறத்திலேயே பொடிப்பொடியான ஓட்டுத் தையல் நிரப்பும். உருவத்துக்குள்ளே வண்ண நூல். சிவப்பு உயிரின் நிறம், மஞ்சள் சூரியனின் நிறம். ஓட்டுத் தையல் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் தையலுக்குத் தையல் அளவு பிசகாமல், பல கைகள் தைத்தும் ஒரே கை தைத்தது போலத் தோன்ற வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்கு ஆசிரியர் வேண்டும்.

பழைய சுஜனியில் சூரியன், மேகம், மீன், இறக்கை முளைத்த விசித்திர விலங்குகள் இருந்தன. பூசுராவின் புதிய சுஜனியில் மனிதர்கள் வந்தார்கள். குடித்துவிட்டு அடிக்கும் கணவன், வரதட்சணைக்காக எரிக்கப்படும் மருமகள், பள்ளிக்குப் போகும் சிறுமி, ஓட்டுப் போட நிற்கும் பெண்கள். படிக்கத் தெரியாத ஒரு பெண், ஊர்ப் பஞ்சாயத்தில் வாய் திறக்க முடியாத ஒரு பெண், தான் பார்த்ததைத் துணியில் எழுதிவிட்டாள். வீட்டில் பேசினால் அடி விழும். போர்வையில் தைத்தாலோ வாங்க ஆள் வந்தது.

அந்தத் துணிகள் கடல் கடந்தும் போயின. வெளிநாட்டுக் கண்காட்சிகளில் பூசுராவின் கதைகள் சுவரில் தொங்கின. நிர்மலா தேவியின் மூலம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு இந்தத் தையல் போய்ச் சேர்ந்தது. 2006ல் பீகாரின் சுஜனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நிர்மலா தேவி தனி ஒருவர் அல்ல. தமிழில் 'கந்தை' என்று சொல்வதும் வங்காளத்தின் 'காந்தா'வும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். அந்தக் காந்தா தையலைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த சோனார்பூரின் பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024ல் அதே காந்தா கலைக்காகத் தக்தீரா பேகம் அதே விருதைப் பெற்றார். அடுத்த ஆண்டு நிர்மலா தேவி. தொடர்ந்து மூன்று ஆண்டுகள், மூன்று ஊசிக்காரிகள்.

ஹனூர் இருக்கும் கர்நாடகத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டங்களில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் 'கவண்டி' என்ற போர்வை தைக்கிறார்கள். மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுப்பகுதியை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். நான்கு மூலைகளிலும் 'பூலா' எனப்படும் பூ வைக்காத கவண்டி அவர்கள் கண்ணுக்கு அம்மணமாகத் தெரியுமாம். 2004ல் அமெரிக்கக் கலை வரலாற்று ஆய்வாளர் ஹென்றி ட்ரூவலின் முயற்சியில் அவர்களுக்கு ஒரு கூட்டுறவு அமைப்பு உருவானது. 2011ல் கவண்டிகள் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

பெயர் வந்துவிட்டது. பிழைப்பு? புவிசார் குறியீடு ஒரு பெயரைப் பிறர் திருடாமல் காக்கும். தைத்தவளுக்கு என்ன கூலி என்பதை அது நிர்ணயிக்காது. ஒரு பெரிய சுஜனி விரிப்புக்குப் பல வார உழைப்பு வேண்டும். அதைப் பார்த்து இயந்திரத்தில் அடித்த நகலுக்குச் சில நிமிடங்கள் போதும். சந்தைக்காகத் தைக்கத் தொடங்கியதும் கந்தல் போய்ப் புதுத்துணி வந்தது, டஸ்ஸர் பட்டும் வந்தது. கலை பிழைக்க இந்த மாற்றம் தேவைதான். ஆனால் தைத்தவள் தன் பேரக்குழந்தைக்கு வாங்க முடியாத விலையில் சுஜனி விற்கிறது என்பதும் இதில் அடங்கும்.

விருதுப் பட்டியலில் ஒரு பெயர்தான் இடம்பெற முடியும். போர்வையிலோ பல கைகள் உள்ளன. நிர்மலா தேவி கற்றுக்கொடுத்த பெண்களின் மகள்கள் படிக்கிறார்கள், வேறு வேலைகளை எண்ணிப் பார்க்கிறார்கள். வாசற்படி தாண்டக் கூடாது என்றிருந்த வீடுகளில் அதுவே பெரிய வெற்றி. அந்த மகள்கள் ஊசியையும் எடுக்க வேண்டுமானால், ஒரு நாள் தையலுக்கு ஒரு நாள் வயிறு நிறைய வேண்டும். டெல்லியில் தரும் பதக்கம் அதற்கு உதவலாம். முடிவு செய்யப்போவது பூசுராவில் தரும் கூலிதான்.