வடை ஏன் கடையாகவில்லை?

கொச்சி கலூரில் சர்வர்களைப் பராமரிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “சர்வர்களை நிர்வகிக்கும் பப்பெட் மென்பொருளில் கேப்பிடலைஸ் கட்டளைக்கு ஆங்கிலப் பெயரைக் கொடுத்தால் முதல் எழுத்து பெரிதாகிறது. தமிழையோ மலையாளத்தையோ கொடுத்தால் ஒன்றுமே நடப்பதில்லை. ஏதாவது கோளாறா?”

கோளாறு இல்லை. அந்த ஒன்றும் நடக்காததற்குப் பின்னால்தான் விஷயமே இருக்கிறது.

கணினிக்கு ஆங்கிலச் சின்ன ‘ஏ’ 97, பெரிய ‘ஏ’ 65. இருபத்தாறு எழுத்துகளுக்கும் இதே 32தான் வித்தியாசம். 32 இரண்டின் அடுக்கு என்பதால் ஒரே ஒரு பிட்டை அணைத்தால் போதும், சின்ன எழுத்து பெரிதாகிவிடும். ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி தரத்தின் 1967 பதிப்பு செய்த ஏற்பாடு. வரலாறு இவ்வளவு போதும்.

இதே வித்தையைத் தமிழில் செய்தால்? உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் ‘வ’ 2997, ‘க’ 2965. கழித்துப் பாருங்கள், அதே 32! பிட்டை அணைத்த மறுநொடி ‘வடை’ ‘கடை’யாகிவிடும். மலையாளத்து ‘வட’யும் ‘கட’தான் ஆகும். யூனிகோடில் இரு மொழிகளின் எழுத்து வரிசையும் இஸ்கி என்ற ஒரே இந்திய வார்ப்பிலிருந்து வந்ததே காரணம்.

வடையைக் காப்பாற்றுவது யூனிகோடின் அட்டவணை. பப்பெட் இந்த வேலையை ரூபி மொழியிடம் விட்டுவிடுகிறது. 2016இல் வந்த ரூபி 2.4 முதல் அது 32ஐ நம்புவதில்லை, அட்டவணையைப் பார்க்கிறது. அட்டவணை ஒரு கல்யாணத் தரகரின் நோட்டு. சின்ன ‘ஏ’ வந்தால் ஜோடி தயாராக இருக்கிறது. ஜெர்மனின் இரட்டை ‘எஸ்’ எழுத்துக்கு நோட்டில் தனி ஜோடி எழுதப்படாததால், பெரிய ‘எஸ்’ ஒன்றும் சின்ன ‘எஸ்’ ஒன்றுமாக இரண்டு பேரைக் கூட்டி வருகிறார். நம் ‘வ’ போய் நின்றால் பக்கம் காலி. தரகர் வற்புறுத்துவதில்லை, காபி கொடுத்து, வந்தபடியே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

“எங்கள் மென்பொருளுக்கு உலக மொழிகள் எல்லாம் தெரியும்” என்று யாராவது விற்க வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே மொழி அறிவு எதுவும் இல்லை. பலர் பல ஆண்டுகள் பொறுமையாக நிரப்பிய கட்டங்கள் இருக்கின்றன. எனக்கு அந்த உழைப்பின் மீதுதான் மரியாதை.

வாசகருக்கு ஒன்று. கவலைப்பட வேண்டியது தமிழுக்காக அல்ல, ஆங்கிலச் சுருக்கப் பெயர்களுக்காக. இந்தக் கட்டளை முதல் எழுத்தைப் பெரிதாக்குவதோடு நிற்காமல் மீதியைச் சின்னதாக்கிவிடும். கே.எஸ்.ஆர்.டி.சி.யை ஆங்கிலத்தில் புள்ளியில்லாமல் கொடுத்தால் ‘கே’ மட்டுமே பெரிதாக மிஞ்சும். அப்படிப்பட்ட பெயர்களை இதன் வழியே அனுப்பாதீர்கள்.