பூஜ்ஜியம் டாலர் வரியும் ஒரு வரிதானா?

ஒரு வரி இருக்கிறது. கட்ட வேண்டிய தொகை பூஜ்ஜியம். ஆனால் அந்த வரிக்கான படிவத்தை நிரப்பணும், விரல் ரேகை கொடுக்கணும், போட்டோ ஒட்டணும், அரசாங்கம் சரின்னு சொல்ற வரைக்கும் காத்திருக்கணும். 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் துப்பாக்கிக்கு சைலன்சர் வாங்குகிறவர்களின் நிலைமை இதுதான்.

கேட்க வேடிக்கையாக இருந்தாலும், இந்தப் பூஜ்ஜியம் 90 வருடப் பழைய சட்டம் ஒன்றின் அஸ்திவாரத்தையே அசைத்துப் பார்க்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

மதுவிலக்குக் காலத்து கேங்ஸ்டர் சண்டைகளில் தாம்சன் மெஷின் கன் பிரபலமானது. 1929-ல் சிகாகோவில் காதலர் தினத்தன்று ஏழு பேரைச் சுட்டுக் கொன்ற சம்பவம் நாட்டையே உலுக்கியது. "அப்போ தடை பண்ணிட வேண்டியதுதானே?" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பொதுவான சட்டம் ஒழுங்கு அதிகாரம் மாநிலங்களிடம் இருந்தது. மத்திய அரசு எதைச் செய்தாலும், அரசியலமைப்பில் அதற்கான அதிகாரம் எங்கே இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். வரி போடும் அதிகாரம் மட்டும் அங்கே பளிச்சென்று எழுதியிருந்தது.

அன்றைய அட்டர்னி ஜெனரல் ஹோமர் கம்மிங்ஸ் இதை மறைக்கவில்லை. நேரடியாகத் தடை செய்தால் அரசியலமைப்புக் கேள்வி எழும், வரி போட்டால் எழாது என்று காங்கிரஸ் குழுவிடமே விளக்கினார். அப்படிப் பிறந்ததுதான் 1934-ன் தேசிய துப்பாக்கிச் சட்டம். மெஷின் கன், குட்டைக் குழல் ரைஃபிள், குட்டைக் குழல் ஷாட்கன், சைலன்சர் ஆகியவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும் ஒவ்வொரு முறையும் 200 டாலர் வரி. ஒரு தாம்சனின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். இன்றைய மதிப்பில் 4,500 டாலருக்கும் மேல். கஜானாவை நிரப்பப் போட்ட வரி இல்லை, வாங்காதே என்று சொல்லப் போட்ட வரி.

இந்தத் தந்திரம் கோர்ட்டில் நின்றது. 1937-ல் சொன்ஸின்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டுப்படுத்தும் நோக்கம் இருந்தாலும் வருமானம் வருகிற வரைக்கும் அது வரிதான் என்றது. இந்த "வருமானம் வருகிற" என்பதை ஞாபகம் வச்சுக்கோங்க.

என் தொழில் புத்திக்கு, பழைய கோடை வாசிப்பது போலவே இருக்கிறது இந்தச் சட்டம். முதல் மசோதாவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. ரைஃபிள் குழலை அறுத்துக் கைத்துப்பாக்கி போல ஆக்கிக்கொண்டு வரியிலிருந்து தப்பக் கூடாது என்பதற்காகத்தான் குட்டைக் குழல் விதி சேர்ந்தது. எதிர்ப்பு வந்ததும் கைத்துப்பாக்கியை நீக்கிவிட்டார்கள். அதற்குக் காவலாக வந்த விதி மட்டும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது! ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பதிவு செய்தாக வேண்டும்.

இன்னொன்று, 200 என்ற எண்ணை ஹார்ட்கோட் செய்துவிட்டார்கள். பணவீக்கத்தோடு ஏற வழியே வைக்கவில்லை. வருடங்கள் ஓட ஓட, மிரட்டுவதற்காக வைத்த தொகை ஒரு சாதாரணக் கட்டணமாகச் சுருங்கியது. மெஷின் கன்னைக் கட்டுப்படுத்த 1986-ல் புதுச் சட்டமே தேவைப்பட்டது. அந்த வருடம் மே 19-க்குப் பிறகு தயாரானவற்றைப் பொதுமக்கள் வாங்க முடியாது. இதனால் பழையவற்றின் விலை பல்லாயிரம் டாலருக்கு ஏறிவிட்டது. அதன் பக்கத்தில் 200 டாலர் எம்மாத்திரம்?

இப்போது 2025-க்கு வருவோம். சைலன்சரை இந்தச் சட்டத்திலிருந்தே தூக்கிவிடும் பிரிவை டிரம்ப்பின் பெரிய பட்ஜெட் மசோதாவில் சேர்த்து, பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. செனட்டில் பட்ஜெட் மசோதாவுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் அதில் வரவு செலவு சம்பந்தப்பட்டவை மட்டுமே இருக்கலாம். பதிவை ரத்து செய்வது அதில் அடங்காது என்று செனட்டின் விதி ஆலோசகர் சொல்லிவிட்டார். சரி, வரித் தொகையையாவது மாற்றலாமே? பூஜ்ஜியமாக்கிவிட்டார்கள். ஜூலை 4 அன்று சட்டமானது. மெஷின் கன்னுக்கும் வெடிகுண்டு வகையறாக்களுக்கும் மட்டும் 200 டாலர் நீடிக்கிறது.

உடனே துப்பாக்கி ஆதரவு அமைப்புகள் கோர்ட்டுக்குப் போயின. அவர்களின் வாதம் எளிது. வரி அதிகாரத்தில் நிற்கும் சட்டம் இது. வருமானமே வராதபோது பதிவேடு எதற்கு? எதிர்வாதமும் உண்டு. இந்தப் பொருட்களைத் தயாரிப்பவர்களும் விற்பவர்களும் கட்டும் வருடாந்திரத் தொழில் வரி அப்படியேதான் இருக்கிறது. அதோடு, மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 1934-ஐ விட இன்று மிக விரிவாகப் பொருள் கொள்ளப்படுகிறது.

இதே நாடகம் முன்பும் நடந்திருக்கிறது. ஒபாமாகேரில் காப்பீடு எடுக்காதவர்களுக்கான அபராதத்தை வரி என்று சொல்லித்தான் 2012-ல் உச்ச நீதிமன்றம் காப்பாற்றியது. 2017-ல் அதைப் பூஜ்ஜியமாக்கினார்கள். அது இனி வரியே இல்லை என்று டெக்சஸ் நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். 2021-ல் உச்ச நீதிமன்றம், வழக்குப் போட்டவர்களுக்கு அதற்கான தகுதி இல்லை என்று தள்ளுபடி செய்தது. பூஜ்ஜியம் வரியா இல்லையா என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் சொல்லவில்லை.

துப்பாக்கி பற்றி உங்க கருத்து எதுவா இருந்தாலும் சரி, இதில் ஒன்று கவனிக்கணும். அபாயகரமான பொருள் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது 1934-ன் உண்மையான நோக்கம். அதை நேரடியாகச் சொல்ல முடியாமல் ஒரு வரிக்குள் ஒளித்து வைத்தார்கள். 90 வருடம் வேலை செய்தது. ஆனால் நோக்கத்தை ஒரு எண்ணுக்குள் ஒளித்தால், அதைத் தோற்கடிக்க யாரும் நோக்கத்தோடு மோத வேண்டியதில்லை. பதிவேடு வேண்டுமா வேண்டாமா என்று செனட் கடைசிவரை ஓட்டுப் போடவே இல்லை. ஒரு எண்ணை மாற்றியதோடு அவர்கள் வேலை முடிந்தது. பதிவேட்டின் கதியை இனி நீதிபதிகள்தான் முடிவு செய்ய வேண்டும்.