மடிநோயும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்

செட்டிநாட்டில் கொத்தமங்கலம் முதலிய கிராமங்களில், மழை பொய்க்கும் வருஷங்களில் குடியானவர்களுக்குக் கைகொடுப்பது கறவை மாடே. அதற்கு மடிநோய் கண்டால் பால் வருமானம் குன்றுவதோடு, காம்பே நிரந்தரமாய்ப் பழுதாவதும் உண்டு. அப்போது கடையில் ஊசி மருந்தை வாங்கித் தாமே போடுவதும், வீக்கம் சற்று வடிந்தவுடன் நிறுத்திவிடுவதும் சிலருக்கு வழக்கமாயிருக்கிறது. இதனால் விளையும் கேடு ஒரு தொழுவத்தோடு நிற்பதன்று.

1928-ல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே, அளவு குறைந்த மருந்தினால் கிருமிகள் அதற்கு அடங்காதவையாகிவிடும் என்று எச்சரித்தார். அரைகுறை மருந்தில் வலுவற்ற கிருமிகள் மாள, வலுவுள்ளவை எஞ்சிப் பெருகுகின்றன. அச்சக்தியை வேறினக் கிருமிகளுக்குங் கொடுக்க வல்லவையும் அவற்றுள் உண்டு. சாணம், காய்ச்சாத பால், கறப்பவர் கை, தண்ணீர் ஆகியவற்றின் மூலம் இவை மனிதருக்கும் வரக்கூடும். வேறெந்த மருந்தும் பலிக்காத நோயாளிகளுக்கென வைத்திருக்கும் கொலிஸ்டின் என்னும் மருந்தை, உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றுக்கு உபயோகிக்கலாகாதென்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது இக்காரணம் பற்றியே.

நோய் வராமற் காத்தால் மருந்துக்கு வேலையில்லை. கறப்பவர் கையைச் சோப்பிட்டுக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டியிருக்கவேண்டும். மடியைக் கழுவி, மாட்டுக்கொரு துணியாக ஈரம் போகத் துடைக்கவேண்டும். ஒரே கந்தலால் எல்லா மாடுகளையும் துடைப்பது நோயைப் பங்கிட்டுக் கொடுப்பதேயாகும். முதற்பீச்சுப் பாலைத் தனிக்கிண்ணத்தில் பீய்ச்சித் திரிதிரியாக உள்ளதா என்று பார்க்கவேண்டும், தரையில் பீய்ச்சலாகாது. விரலைப் பால் நுரையில் தோய்த்துக் கறப்பதும், கட்டைவிரலை மடக்கிக் கறப்பதும் காம்புக்குத் தீங்கு. (பழகிய கையை மாற்றுவது எளிதல்ல என்பது உண்மையே.) நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறக்கவேண்டும். கறந்தபின் காம்பை அதற்கென விற்கும் அயோடின் திரவத்தில் தோய்த்து, உடனே தீனி வைத்தால் மாடு சுமார் அரைமணி நேரம் படுக்காது நிற்கும். அதற்குள் காம்பின் துவாரம் மூடிக்கொள்ளும்.

மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சட்பொடி 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்து, நீர் கலந்து மடியில் பலமுறை பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் பரப்பியிருக்கின்றனர். இதனால் தணியாவிடில் வைத்தியரைத் தாமதமின்றி அழைத்து, அவர் குறித்த நாள் முழுதும் மருந்தைச் செலுத்தவேண்டும். அவர் சொல்லும் கெடு முடியும்வரை அப்பாலை விற்கவோ, கன்றுக்கு ஊட்டவோ கூடாது. காய்ச்சுவதால் கிருமி சாகுமேயன்றி, மருந்தின் எச்சம் முற்றும் நீங்காது. கோமாரி வேறுவகை நுண்ணுயிரால் வருவதாகலின், அந்நோயை இம்மருந்துகள் தீர்க்கமாட்டா, தடுப்பூசியே தக்கது.

குடிநீர் ஊரணியில் மாடு குளிப்பாட்டுவதையும், தொழுவக் கழிவு அதில் வடிவதையும் கிராம உத்தியோகஸ்தர்கள் தடுக்கவேண்டும். பச்சைச் சாணத்தைக் கீரைப்பாத்தியில் இடாமல், குழியில் சருகோடு அடுக்கி ஈரங் காத்து, இடையிடையே புரட்டிவிட்டால், குவியலின் சூட்டில் பெரும்பாலான கிருமிகள் மடிந்து, எருவும் நன்கு மக்கும்.